ஊதாப் புளியாரை ஏன் மாலையில் மடிகிறது, கோடையில் எங்கே போகிறது?

ஏற்காட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் மடியில், மிளகு, காபித்தூள் பொட்டலங்களுக்கு அடுத்தபடியாக ஏதாவது ஒரு பூந்தொட்டி இருக்கும். அந்தத் தொட்டிகளில், ஊதா நிறத்தில் மூன்று மூன்றாக இலை விரிக்கும் ஒரு சிறு செடியை இப்போது அடிக்கடி காண முடிகிறது. விற்பவர்களில் சிலர் அதை ‘பட்டர்ஃபிளை செடி’ என்பார்கள். சிலர் ‘ஆக்சாலிஸ்’ என்று தாவரவியல் பெயரையே சொல்லிவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வீட்டில் இறக்கி வைத்துப் பார்த்தால், காலையில் பட்டாம்பூச்சி போல விரிந்திருந்த இலைகள் எல்லாம் குடையை மடக்கியது போலக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். பயணத்தில் வாடிவிட்டது என்று ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றப்படும். மறுநாள் காலை இலைகள் விரிந்ததும், தண்ணீர்தான் செடியைக் காப்பாற்றியது என்ற முடிவுக்கு வீடே வந்துவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஒரு சொம்பு தண்ணீர் தவறாமல் விழும்.

அடுத்த தவறு சித்திரையில் நடக்கிறது. இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து, காம்புகள் சாய்ந்து, கடைசியில் தொட்டியில் வெறும் மண் மட்டும் மிஞ்சும். மலைச்செடி கீழே வராது என்று ஒருவர் சொல்ல, தொட்டி கவிழ்க்கப்படும். உண்மையில் முதல் நாள் மாலையில் அந்தச் செடி வாடவே இல்லை. சித்திரையிலும், இடையில் ஊற்றிய தண்ணீர் அழுக வைத்திருந்தால் ஒழிய, அது சாகவில்லை. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் பின்னால் இருப்பது என்ன என்பது விளங்கிவிட்டால், இந்தச் செடியை வளர்ப்பதில் கற்றுக்கொள்ள வேண்டியது மிகக் கொஞ்சமே மிஞ்சும்.

எந்தப் புளியாரை?

குழப்பத்தில் பாதி பெயரிலிருந்தே வருகிறது. நெல்வயல்களில் முளைக்கும் ஆரைக்கீரையை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள்; ஒரு காம்பின் உச்சியில் நான்கு சிற்றிலைகள் கூட்டல் குறி போல விரிந்திருக்கும். ஓர் இலை பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும்போது ஒவ்வொரு துண்டையும் சிற்றிலை என்கிறோம். ஏறக்குறைய அதே தோற்றத்தில், ஆனால் மூன்று சிற்றிலைகளோடு, வாயில் போட்டால் புளிக்கும்படி இருப்பது புளியாரை. இரண்டும் உறவுச் செடிகள் அல்ல. ஆரை, பெரணி இனத்தைச் சேர்ந்தது, பூக்காது. புளியாரையோ மஞ்சள் நிறத்தில் பூக்கும். உருவ ஒற்றுமையையும் சுவை வேற்றுமையையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட இந்தப் பெயரை விடச் சுருக்கமான வருணனை இந்தச் செடிக்குக் கிடைப்பது அரிது.

வீட்டு முற்றத்துச் சிமெண்டு விரிசலிலும், வாழைத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்திலும் தரையோடு படர்ந்து, துவையலுக்கும் நாட்டு வைத்தியத்துக்கும் பறிக்கப்படும் இந்த மஞ்சள் பூச் செடி, ஆக்சாலிஸ் என்ற பேரினத்தில் ஒன்று. அந்தப் பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ‘ஆக்சிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கூர்மை, புளிப்பு என்று பொருள். அதிலிருந்து செடிக்குப் பெயர் வந்தது, செடியிலிருந்து ஆக்சாலிக் அமிலத்துக்குப் பெயர் வந்தது. பலரும் நினைப்பதுபோல, அமிலத்தின் பெயரைச் செடிக்குச் சூட்டவில்லை. சில வீட்டுத் தோட்டங்களில் காய்க்கும் பிலிம்பியும், ஐந்து முனை நட்சத்திரமாக அறுபடும் தமரத்தம்பழமும் இதே குடும்பம் என்பதைச் சுவைத்துப் பார்த்தவர்கள் எளிதில் நம்புவார்கள்.

தொட்டியில் அழகுக்காக வளர்க்கப்படுவது ஆக்சாலிஸ் டிரையாங்குலாரிஸ். பிரேசிலும் அதன் அண்டை நாடுகளும் இதன் தாயகம். சிற்றிலைகள் தலைகீழாகப் பிடித்த முக்கோணங்களாக, கருஞ்சிவப்பு கலந்த ஊதாவில், நடுவில் சற்று வெளிறிய திட்டோடு இருக்கும். பூ வெளிர் இளஞ்சிவப்பு. இக்கட்டுரையில் இதை ஊதாப் புளியாரை என்றே குறிப்பிடுகிறேன். இலை முழுப் பச்சையாகவே இருக்கும் வகையும் விற்கப்படுகிறது. அதன் குணமும் இதுவே. பச்சை இலையும் அடர் இளஞ்சிவப்புப் பூவுமாக மலைத் தோட்டங்களில் தானே முளைத்து, பிடுங்கப் பிடுங்க வரும் இன்னொரு உறவினரும் உண்டு: ஆக்சாலிஸ் லாடிஃபோலியா. நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிரிடுபவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் நல்ல வார்த்தை வராது.

ஆக, கீரையாகும் மஞ்சள் பூப் புளியாரை, தொட்டியில் நிற்கும் ஊதாப் புளியாரை, தோட்டக் களையான இளஞ்சிவப்புப் பூப் புளியாரை ஆகிய மூன்றும் ஒரே பேரினத்தின் வெவ்வேறு இனங்கள். ஒன்றுக்குச் சொன்ன அறிவுரையை மற்றொன்றுக்குப் பொருத்துவதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

தூங்குமூஞ்சி மரமும் உப்பிட்ட மாங்காயும்

மாலையில் இலை மடிவது ஊதாப் புளியாரைக்கு மட்டும் உரிய விந்தை அன்று. சாலையோரங்களில் குடை விரித்து நிற்கும் பெரிய மரம் ஒன்றுக்கு நாம் தூங்குமூஞ்சி மரம் என்றே பெயர் வைத்திருக்கிறோம். புளியமரமும் பொழுது சாய்ந்தால் இலைகளைக் கூப்பிக்கொள்ளும். தொட்டாற்சுருங்கி இரவிலும் சுருங்கும், தொட்டாலும் சுருங்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் நின்று மரம் வாடிவிட்டது என்று யாரும் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பதில்லை. தொட்டியில் இருப்பதால் மட்டுமே புளியாரைக்கு அந்த உபசாரம் நடக்கிறது.

மடிப்பு எப்படி நிகழ்கிறது என்பதைச் சமையலறையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். சேலத்து வீடுகளில் பங்குனி, சித்திரையில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்புப் பிசறி வைப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கியிருக்கும். விறைப்பாக இருந்த துண்டு துவண்டிருக்கும். உப்பு வெளியே மிகுந்ததால், மாங்காயின் செல்களுக்குள் இருந்த நீர் மெல்லிய சவ்வைக் கடந்து உப்பு இருக்கும் பக்கம் வந்துவிட்டது. கரைந்த பொருள் மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் இப்படிச் சவ்வினூடே நகர்வதைச் சவ்வூடுபரவல் என்கிறோம். நீர் நிறைந்த செல் காற்றடித்த சைக்கிள் டியூபு போல விம்மி நிற்கும். நீர் போனால் தொய்ந்துவிடும். விம்மி நிற்கும் அந்த அழுத்தத்துக்கு விறைப்பழுத்தம் என்று பெயர்.

ஊதாப் புளியாரையின் காம்பு உச்சியில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தை ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் ஊசிமுனை அளவில் ஒரு தடித்த மூட்டு தெரியும். அதற்கு அதைப்பு என்று பெயர். கதவின் கீல் செய்யும் வேலையை இது செய்கிறது. ஆனால் கீலில் இரும்பு இருக்கும் இடத்தில் இங்கே நீர் இருக்கிறது. பகலில் அதைப்பின் அடிப்பக்கச் செல்களுக்குள் பொட்டாசியம் போன்ற உப்புப் பொருள்கள் செலுத்தப்படுகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீர் உள்ளே வருகிறது. அடிப்பக்கம் விம்மிச் சிற்றிலையை மேலே தள்ளிக் கிடையாக நிறுத்துகிறது. மாலையில் அந்த உப்புகள் அடிப்பக்கத்திலிருந்து வெளியேற, நீரும் வெளியேறுகிறது. அடிப்பக்கம் தொய்ந்து மேற்பக்கம் விம்ம, சிற்றிலை கீழே சாய்கிறது. மாங்காயில் உப்பை நாம் போடுகிறோம். புளியாரை தன் உப்பைத் தானே இடம் மாற்றிக்கொள்கிறது. இரவில் நிகழும் இந்த மடிப்பை இரவுறக்க அசைவு என்பார்கள். உறக்கம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். செடி நம்மைப் போல் கண்ணயர்வதில்லை.

இருட்டைக் கண்டு மட்டும் இலை மடிகிறதா என்ற கேள்வி பழையது. 1729இல் டி மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர், பகலில் விரிந்து இரவில் மடியும் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தபோது, பகல் பொழுதில் அது இருட்டிலும் விரிந்தது. நேரத்தைக் கணக்கிடும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் அது ஒன்று. பிறகு சார்லஸ் டார்வின் தம் மகன் ஃபிரான்சிஸோடு சேர்ந்து 1880இல் வெளியிட்ட நூலில், புளியாரை இனங்கள் உட்படப் பல செடிகளின் இலை உறக்கத்தை ஆராய்ந்து, மடிவதால் இரவுக் குளிரில் இலை வெப்பத்தை இழப்பது குறைகிறது என்று கருதினார். ஏற்காட்டின் மார்கழி இரவில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கருத்து அவ்வளவு தூரமாகத் தோன்றாது.

சுருங்கச் சொன்னால், மாலை மடிப்பு என்பது தண்ணீர் போதாமையால் வருவதில்லை. இருக்கும் தண்ணீரை மூட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் செடியே மாற்றிக்கொள்வதால் வருவது.

உறக்கமா, தாகமா?

பகலிலும் இலைகள் மடிவதுண்டு. நேர் வெயில் சுளீரென்று விழும்போது புளியாரை இனங்கள் பலவும் சில நிமிடங்களில் சிற்றிலைகளைத் தாழ்த்திக்கொள்ளும். வெயிலில் நடப்பவர் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வது போன்ற செயல் அது. தொட்டியை நிழலுக்கு மாற்றினால் மீண்டும் விரியும். விரிந்துவிட்டால் தண்ணீர் தேவைப்படவில்லை என்றே பொருள்.

அப்படியானால் உண்மையான தாகத்தை எப்படி அறிவது? இலையைப் பார்க்காதீர்கள்; காம்பைப் பாருங்கள். உறக்கத்தில் காம்பு நிமிர்ந்தே நிற்கும், அதன் உச்சியில் சிற்றிலைகள் மட்டும் மடிந்திருக்கும். தாகத்தில் காம்பே வலுவிழந்து, தொட்டியின் விளிம்புக்கு மேலே வளைந்து, வெளியே தொங்கும். காம்புக்குள் இரும்போ மரமோ இல்லை. அதை நிறுத்துவதும் அதே விறைப்பழுத்தம்தான். மண்ணில் நீர் வற்றினால் காம்பின் செல்கள் எல்லாமே தொய்கின்றன. ஒரு பக்கம் தொய்ந்து மறுபக்கம் விம்முவது என்ற கணக்கு அங்கே இல்லை. ஐயம் இருந்தால் ஆள்காட்டி விரலை ஒரு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பது போதும். ஈரம் பட்டால் விட்டுவிட வேண்டும். உலர்ந்திருந்தால், அடித்துளையில் நீர் வழியும்வரை ஒரே முறை நன்றாக ஊற்றிவிட்டு, மீண்டும் உலரும்வரை கை வைக்கக் கூடாது. தினமும் ஒரு சொம்பு என்ற கணக்கு துளசிக்குச் சரி, இதற்குச் சரிப்படாது.

காம்பு தொங்குகிறது, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்ற மூன்றாவது நிலைதான் அபாயமானது. வேர் அழுகி, ஈரம் இருந்தும் உறிஞ்ச முடியாமல் செடி தவிக்கிறது என்று அதற்குப் பொருள். அப்போது மேலும் தண்ணீர் ஊற்றுவது நோயைப் பெருக்கும் மருந்தாகும்.

தொட்டியும் வெளிச்சமும்

வளர்ப்பு முறையில் மண்ணைத் தவிர மற்றவை எளியவை. சேலத்துச் செம்மண்ணைத் தனியாக நிரப்பினால், இரண்டு மாதத்தில் அது செங்கல் போல இறுகி, மேலே ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து ஓடும். இறுகிய நடுப்பகுதி நாள்கணக்கில் நச நசவென்று ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எனவே ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல் அல்லது சிறு ஜல்லிப் பொடி, ஒரு பங்கு மக்கிய தென்னைநார்க் கழிவு, கைப்பிடி மண்புழு உரம் என்று கலப்பது என் வழக்கம். கலவையைக் கையில் அள்ளிப் பிடித்து விட்டால் உருண்டை தானே உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் மணல் தேவை. தொட்டி அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கலாம். அடியில் துளை கட்டாயம். துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை அழகுக்காகத் துளையில்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்தப் பீங்கானின் அடியில் தேங்கும் இரண்டு அங்குல நீர்தான் பல செடிகளுக்கு எமன்.

வெளிச்சத்துக்குக் கிழக்குச் சன்னல் பொருத்தமானது. காலை இளவெயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைத்து, நண்பகலில் வெளிச்சம் மட்டும் இருந்தால் போதும். மேற்குச் சன்னல் சேலத்தில் அடுப்பு வாய்க்குச் சமம். இலையின் ஊதா நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. நாவல் பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் கொடுப்பதும் அதே வகை நிறமிகளே. அதற்கு அடியில் பச்சையமும் இருக்கிறது, உணவு தயாரிப்பதும் அந்தப் பச்சையமே. வெளிச்சம் போதாத மூலையில் வைத்தால் காம்புகள் நூல் போல நீண்டு, நிறம் மங்கி, சன்னல் பக்கமாகவே எல்லாம் சாயும். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்பி வைப்பவர்களுக்கு வட்டமான செடி கிடைக்கும்.

உரம், வளரும் மாதங்களில் மட்டும், மாதத்துக்கு ஒரு முறை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி. இலையின் அடியில் நுண்ணிய நூலாம்படையும் மேலே பொடிப் புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்தி வந்திருக்கிறது. காம்புகளை மண்மட்டத்தோடு கத்தரித்துவிட்டால் புது இலை வரும். இந்தச் செடியிடம் அந்தத் துணிச்சலைக் காட்டலாம். ஏன் என்பது அடுத்த பகுதியில் விளங்கும்.

கீரைப் புளியாரையைத் தின்னலாம் என்பதால் ஊதாப் புளியாரையையும் துவையல் அரைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் இலையைக் கடித்துப் பார்த்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஆக்சாலிக் அமிலத்தின் உப்புகள் மிகுந்தால் உடலின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சிறுநீரகக் கல்லுக்கு வழி செய்யும்; அழகுச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடித்திருக்கவும் வாய்ப்பு மிகுதி. பூனை, நாய், ஆடு எட்டும் இடத்தில் தொட்டியை வைக்காமல் இருப்பது நல்லது. இந்தச் செடியை நிறையத் தின்றால் அவற்றின் உடலுக்குக் கேடு.

மண்ணுக்குள் இருப்பது என்ன

மஞ்சள் பயிரிடும் விவசாயி, தை மாதத்தில் இலைகள் பழுத்துத் தரையில் சாய்வதைக் கண்டு பயிர் செத்துவிட்டது என்று அழுவதில்லை. வெட்டும் பருவம் வந்துவிட்டது என்று மண்வெட்டியை எடுக்கிறார். இலை சேர்த்து வைத்த உணவு முழுவதும் கிழங்கில் இறங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். சேனையும் அப்படித்தான், நம் மாநில மலரான செங்காந்தளும் அப்படித்தான். காந்தள் கொடி காய்ந்து காணாமல் போய், மழை கண்டதும் அதே இடத்தில் முளைக்கும். மேலே உள்ள உடம்பை விட்டுவிட்டு, கீழே உள்ள சேமிப்போடு மோசமான பருவத்தைக் கடத்தும் இந்த உத்திக்கு உறக்கநிலை என்று பெயர். மாலை மடிப்புக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. முன்னது ஓர் இரவுக்கு, பின்னது வாரங்களுக்கு.

ஊதாப் புளியாரைத் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து மண்ணை உதிர்த்துப் பார்த்தால், சுண்டுவிரல் நீளத்தில், இளஞ்சிவப்பும் பழுப்புமாகச் செதில் செதிலாக அடுக்கிய சிறு கிழங்குகள் அகப்படும். நுனியிலிருந்து அடிவரை பச்சரிசி மணிகளை நெருக்கமாக ஒட்ட வைத்தது போன்ற தோற்றம். விரலால் நெருடினால் செதில்கள் உதிரும். ஒவ்வொரு செதிலிலும் மாவுச்சத்து இருக்கிறது. சில தொட்டிகளில் கிழங்குக்குக் கீழே, நீர் கோத்த முள்ளங்கிப் பிஞ்சு போல, கண்ணாடித் தன்மையுடன் ஒரு தடித்த வேர் இருக்கும்; அதைப் பார்த்து ஏதோ புழு என்று பதறித் தூக்கி எறிந்தவரை எனக்குத் தெரியும். அதுவும் செடியின் நீர்ச் சேமிப்புதான். இவ்வளவு கையிருப்பு இருப்பதால்தான், இலைகளை அடியோடு கத்தரித்தாலும் செடி கலங்குவதில்லை.

புதுச் செடி உண்டாக்குவதும் இந்தக் கிழங்குகளைக் கொண்டுதான். இரண்டு விரற்கடை ஆழத்தில், நான்கைந்தை ஒரு தொட்டியில் பரப்பிப் படுக்கவைத்து மூடினால் போதும். எது தலை எது அடி என்று தேடி அலைய வேண்டியதில்லை, முளை தானாக மேலே வரும்.

விதை தெறிக்கும் வேடிக்கை மஞ்சள் பூப் புளியாரைக்கு உரியது. அதன் காய், வெண்டைக்காயை விரல்நகம் அளவுக்குச் சுருக்கி நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். முற்றிய காயை லேசாகத் தொட்டால் பொடி விதைகள் சுளீரென விரலில் அடிக்கும். ஒவ்வொரு விதையையும் மூடியிருக்கும் நீர்ச்சத்துள்ள உறை, உள்ளே அழுத்தம் ஏறி ஏறி, திடீரென்று புரண்டு விதையை வீசுகிறது. இங்கேயும் வேலை செய்வது விறைப்பழுத்தம். உங்கள் அழகுத் தொட்டியில் தானாக முளைத்துப் பரவும் பச்சைச் செடி இப்படித் தெறித்து வந்த விருந்தாளியாக இருக்கும். காய் முற்றுமுன் பிடுங்கிவிடுவது நல்லது.

சேலத்துக் கோடையில்

சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்குப்படி, முப்பது கிலோமீட்டர் பயணத்தில் எட்டு டிகிரி வேறுபாடு வந்துவிடுகிறது. ஊதாப் புளியாரைக்கு மிகவும் பிடித்த வெப்பம் 15 முதல் 24 டிகிரி வரை. 27 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் அது சோர்வு காட்டத் தொடங்கும். மலையில் ஆண்டின் பெரும்பகுதியை இலையோடு கழித்துவிடக்கூடிய செடி, அடிவாரத்தில் பங்குனி பிறந்ததும் மூட்டை கட்டத் தொடங்குவது இதனால்தான். உறக்கநிலை கட்டாயமான சடங்கு அல்ல. நல்ல குளுமையும் ஈரமும் தொடர்ந்து கிடைத்தால் செடி அதைத் தள்ளிப்போடும். அஸ்தம்பட்டியிலும் சூரமங்கலத்திலும் அக்கினி நட்சத்திரத்தின்போது அந்தக் குளுமைக்கு எங்கே போவது?

என் முதல் தொட்டி இந்தப் பாடம் தெரியாமலே போனது. தை மாதத்தில் மலையிலிருந்து வாங்கி வந்தேன். விற்றவர் தினமும் தண்ணீர் விடச் சொன்னார், நானும் விட்டேன். சித்திரையில் இலை பழுக்கத் தொடங்கியதும், வெயில் தாங்கவில்லை என்று இரண்டு வேளையாக்கினேன். கடைசி இலையும் போன பிறகு மண்ணைக் கிளறியபோது, அழுகிய வெங்காயத்தின் நாற்றம் அடித்தது. கிழங்குகள் விரல் பட்டதும் பழுப்புக் கூழாக நசுங்கின. இலை இருந்தவரை ஊற்றிய நீரை அது இலை வழியே ஆவியாக்கிக்கொண்டிருந்தது. இலை போன பின் அந்த வழி அடைபட்டுவிட்டது. நீர் போக இடமில்லாமல் சேமிப்புக் கிடங்கிலேயே தேங்கியது. வெயிலுக்குத் தப்பிய செடியை என் அக்கறை கொன்றது என்பதுதான் உண்மை. கூழுக்கு நடுவே கெட்டியாக இருந்த இரண்டு கிழங்குகளிலிருந்து இப்போதைய தொட்டி வந்தது.

இப்போது செய்வது இதுதான். புது இலை வருவது நின்று, பழைய இலைகள் பாதிக்கு மேல் பழுத்ததும், தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகிறேன். காய்ந்த காம்புகள் லேசாக இழுத்தாலே கையோடு வரும். வராதவற்றைப் பிடுங்குவதில்லை, அவற்றிலிருந்து உணவு இன்னும் கிழங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கும். பிறகு தொட்டியை அப்படியே, கிழங்கைத் தோண்டாமல், வீட்டின் குளிர்ந்த இருட்டு மூலைக்கு மாற்றுகிறேன். எங்கள் வீட்டில் அது மாடிப்படியின் அடி. மண் முழுதும் உலர்ந்து பொடியாகிக் கிழங்கு சுருங்கிவிடாமல் இருக்க, இருபது நாளுக்கு ஒரு முறை மேலே ஒரு கை தெளிப்பு மட்டும். ஏற்காட்டிலேயே வளர்ப்பவர்கள் ஓய்வு கொடுத்தால் நான்கு முதல் ஆறு வாரங்களில் முளை எழுந்துவிடும். சேலத்தில் நான் அவசரப்படுவதில்லை. கோட்டை மாரியம்மனின் ஆடிப் பண்டிகை முடிந்து, ஓரிரண்டு மழை பெய்து, இரவுகள் சற்றுக் குளிர்ந்த பிறகே தொட்டியைச் சன்னலுக்குக் கொண்டுவந்து முதல் தண்ணீரை விடுகிறேன். இரண்டு மூன்று வாரத்தில், மடித்த குடை போல இறுக மூடிய ஊதா நிற மொட்டிலைகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதுவரை முளைக்கவில்லை என்றால் விரலால் மண்ணை விலக்கி ஒரு கிழங்கை மட்டும் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் காத்திருக்கலாம்.

உறங்கும் தொட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: வெறும் மண்ணைப் பார்த்து இரக்கப்படும் வீட்டார். எங்கள் வீட்டில் அதற்காகவே தொட்டியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, தண்ணீர் நிறுத்திய தேதியையும், அதற்குக் கீழே ‘உள்ளே ஆள் இருக்கிறது, ஊற்ற வேண்டாம்’ என்ற வரியையும் எழுதி வைத்திருக்கிறேன்.